பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்

பள்ளி மாணவர்கள் தம் ஊர்ச் சிக்கல்களுக்குத் தீர்வு கண்டு, அதைத் தொழில்முயற்சியாக வளர்க்க உதவும் தமிழ்நாட்டுக் கல்வித் திட்டம். தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், பள்ளிக்கல்வித் துறை, யுனிசெஃப் ஆகியவை இணைந்து நடத்துகின்றன.

செயல்முறை: வழிகாட்டி ஆசிரியர்கள் பயிற்சி பெறுகின்றனர். மாணவர் குழுக்கள் சிக்கலைக் கண்டறிந்து, தீர்வு வகுத்து, முன்மாதிரி செய்கின்றன. தேர்வாகும் குழுக்களுக்குப் பரிசுத்தொகை உண்டு.

கொங்கு வட்டாரச் சூழல்: கோயம்புத்தூரின் பம்பு, வெட் கிரைண்டர் உற்பத்தியும் திருப்பூரின் பின்னலாடைத் தொழிலும் இவ்வட்டார மாணவர்கள் பட்டறை அனுபவம் பெற அருகிலுள்ள களங்கள். அவர்கள் தீர்வு தேடக்கூடிய ஊர்ச் சிக்கல்களில் ஒன்று நொய்யல் ஆற்றில் கலக்கும் சாயக்கழிவு; இது இப்பகுதியின் முக்கியச் சூழல் சிக்கல். இதன் தொடர்பில் 2011இல் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

தொடர்புடையது: நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் (2016). இது 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கான செய்முறை ஆய்வகத்தை அமைத்து நடத்தப் பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை வழங்குகிறது.