பெண் பெயரில் பட்டா

1968 டிசம்பர் 25 இரவு கீழத்தஞ்சையின் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் தலித் கூலியாட்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் காரணம் என்பார்கள். கூலியைவிட, கூலியாட்கள் செங்கொடியின்கீழ் சங்கமாகச் சேர்ந்ததையே மிராசுதார்களால் பொறுக்க முடியவில்லை. சாணிப்பாலைக் குடிக்கவைக்கும் தண்டனைக்கும் சவுக்கடிக்கும் எதிராக நின்றது அந்தச் சங்கம்தான். அந்தப் பெருமையை யாரும் குறைத்துவிட முடியாது. ஆனாலும் நிலம் கைமாறாதவரை கீழத்தஞ்சையில் அமைதி வேரூன்ற வழியில்லை. படுகொலைக்குப் பின் அங்கே வந்து பணியாற்றிய கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் இதை உணர்ந்திருந்தார்கள். 1981இல் அவர்கள் தொடங்கிய 'லாப்டி' இயக்கம் நிலக்காரர்களிடம் பேசி விலை முடித்தது; வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர் என நிலமற்ற தலித் பெண்களின் பெயரில் எழுதிக்கொடுத்தது.

பறிக்க வேண்டிய நிலத்தை விலை கொடுத்து வாங்குவதா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் 1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டத்தை மிராசுதார்கள் அறக்கட்டளைப் பெயர்களிலும் பினாமிப் பெயர்களிலும் ஏய்த்தார்கள். ஏட்டில் கிடந்த நீதிக்காக இன்னொரு தலைமுறையும் அடுத்தவர் வயலில் குனிந்து நடவு நட்டபடியே காத்திருக்க வேண்டுமா? பேச்சுவார்த்தை மெதுவான வழிதான். அந்த வழியில்தான் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சொந்த வயலில் கால்வைத்தன.