நம் மாவட்டப் பானையின் வயது

பொங்கலுக்கு நீங்கள் வாங்கும் மண்பானைக்கு நம் மாவட்டத்தில் மூவாயிரம் ஆண்டு முன்கதை உண்டு.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியெடுத்த பொருள்கள் பெர்லினுக்குப் போயின. பின்னர் அலெக்சாண்டர் ரீ அங்கே விரிவாக அகழ்ந்தார். 2004-05 அகழாய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் கிடைத்தன.

முத்துத் துறைமுகமான கொற்கையிலிருந்து கடல் இன்று சில கிலோமீட்டர் விலகிவிட்டது. 1968-69இல் அங்கே அகழ்ந்தபோது கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகள் வந்தன. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுக்கும், வெளிப்புறம் சிவக்கும். இரண்டு நிறத்துக்கும் சூளை ஒன்றுதான்.

சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. தாழியை யாரும் கலைக்காததால்தான் அந்த நெல் நமக்குக் கிடைத்தது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டும்போது தாழியோ பழைய ஓடுகளோ தென்பட்டால், கட்டட இடிபாட்டோடு சேர்த்துக் கொட்டிவிடாதீர்கள். அலமாரியில் வைக்கவும் எடுக்காதீர்கள். அந்த இடத்தில் வேலையை நிறுத்திவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். கிடந்த இடத்தை விட்டு எடுத்த பானை தன் கதையில் பாதியை இழந்துவிடும்.