தொடையிடுக்குத் தசைவலி

தொடையிடுக்குத் தசைவலி என்பது அடிவயிறும் தொடையும் சேரும் இடத்திலோ தொடையின் உட்புறத்திலோ தசை இழுபடுவதால் உண்டாகும் வலியாகும். கால்பந்து, சடுகுடு, ஓட்டம் ஆகியவற்றில் ஈடுபடுவோரிடம் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தசை இறுக்கத்தை வீட்டிலேயே தளர்த்த நுரை உருளை (ஃபோம் ரோலர்) பயன்படுத்தப்படுகிறது. எனினும் இவ்விடத்தில் தோன்றும் எல்லா வலிகளும் தசைவலி அல்ல.

காரணம்

தொடையை உட்புறமாக இழுக்கும் தசைகள் ஐந்து. இவற்றுள் அடக்டர் லாங்கஸ் என்னும் தசையே பெரும்பாலும் காயமடைகிறது. திடீரெனத் திரும்புதல், பந்தை உதைத்தல், கால் அகல வழுக்குதல் ஆகியன முதன்மைக் காரணங்கள்.

புதுச்சேரியில் 1943 இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளி, உடற்கல்விக்குச் சிறப்பிடம் அளித்து வருகிறது. நகரின் கடற்கரைச் சாலை நடப்போரும் ஓடுவோரும் கூடும் இடமாகும். முறையான பயிற்சியின்றி, உடலைத் தயார்ப்படுத்தாமல் விரைந்து ஓடுவோருக்கு இத்தசைகள் எளிதில் இழுபடும்.

நுரை உருளையின் பயன்பாடு

காயமடைந்த முதல் இரண்டு, மூன்று நாட்களில் உருளையோ அழுத்தமான தேய்ப்போ கூடாது. அந்நாட்களில் ஓய்வும், துணியில் சுற்றிய பனிக்கட்டியை 10 முதல் 15 நிமிடம் வைத்தலும் போதும். பின்னர்:

1. குப்புறப் படுத்து, முழங்கைகளால் உடலைத் தாங்கவேண்டும்.
2. வலியுள்ள காலை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து, உட்தொடையின் கீழ் உருளையை உடலுக்கு இணையாக வைக்கவேண்டும்.
3. முழங்காலுக்குச் சற்று மேலிருந்து தொடையின் மேற்பகுதி வரை 30 முதல் 60 நொடி மெதுவாக உருட்டவேண்டும்.
4. தொடையிடுக்கின் மடிப்புக்கு முன்பே நிறுத்தவேண்டும். அங்கே பெரிய இரத்தக்குழாய்களும் நரம்பும் தோலுக்கு அருகில் செல்கின்றன.

இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், காலில் இரத்தக்கட்டு உடையோரும் மருத்துவரைக் கேளாமல் இதனைச் செய்யலாகாது.

உருளையால் கிடைக்கும் தளர்வு சிறிது நேரமே நீடிக்கும். தசையை வலுப்படுத்தும் பயிற்சியே நிலையான பயன் தருகிறது. 1999 இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், நாட்பட்ட வலியுடைய விளையாட்டு வீரர்களுள் பயிற்சி செய்த 23 பேர் வலியின்றி மீண்டனர். தேய்ப்பு முதலிய சிகிச்சை பெற்றோருள் 4 பேரே அவ்வாறு மீண்டனர். முழங்கால்களுக்கிடையே பந்தை வைத்து அழுத்துதல் எளிய தொடக்கப் பயிற்சியாகும்.

மருத்துவ உதவி

இளைஞருக்கும் சிறுவருக்கும் விதைப்பையில் திடீரெனக் கடும் வலி ஏற்பட்டு, குமட்டலும் இருப்பின் அது விதை முறுக்கமாக இருக்கலாம். வலி தொடையிடுக்கிலும் உணரப்படுவதால் தசைப்பிடிப்பு எனக் கருதித் தாமதிப்பதுண்டு. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்குள் அறுவை செய்யாவிடில் விதையை இழக்க நேரிடும். எனவே உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவேண்டும். புதுச்சேரியில் கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் இவ்வசதி உண்டு.

இருமும்போது புடைப்புத் தோன்றுவது குடலிறக்கத்தின் அறிகுறியாகும். காலை ஊன்ற இயலாமை, காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், இரண்டு வாரங்களில் குறையாத வலி ஆகியவற்றுக்கும் மருத்துவரை அணுகவேண்டும்.