வலுவேறாக்கமும் கிழக்கு மாகாணமும்

வலுவேறாக்கம் என்பது சட்டமியற்றுதல், அதனை நிறைவேற்றுதல், அதன்படி வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய அரசின் மூன்று தொழில்களும் ஒரே கையில் சேராதவாறு அவற்றை வெவ்வேறு துறைகளிடம் ஒப்படைக்கும் அரசியலமைப்புக் கோட்பாடாகும். 1748இல் பிரெஞ்சு அறிஞர் மொண்டெஸ்கியூ விரித்துரைத்த இக்கோட்பாடு ஐக்கிய அமெரிக்காவில் இறுக்கமான வடிவம் பெற்றது. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்போ, சட்டவாக்க வலுவைப் பாராளுமன்றத்துக்கும் மக்கள் தீர்ப்புக்கும், ஆட்சி வலுவைச் சனாதிபதிக்கும் அளித்துவிட்டு, நீதி வலுவை நீதிமன்றங்கள் வாயிலாகப் பாராளுமன்றமே பிரயோகிக்கும் என்று 4ஆம் உறுப்புரையில் கூறுவதால், பிரிப்பும் கலப்பும் அங்கு அருகருகே நிற்கின்றன.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையும் மேற்குக் கரையான படுவான்கரையும் எந்த மாகாண ஆட்சிக்குள் அடங்கும் என்பதும் இக்கோட்பாட்டின் வழியாகவே தீர்மானிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவு, ஆயுதங்கள் கையளிக்கப்பட்டு மோதல்கள் ஓய்ந்துள்ளன என்று சனாதிபதி திருப்தியுற்றாலன்றி வடக்கையும் கிழக்கையும் இணைத்துப் பிரகடனம் செய்தலைத் தடுத்தது. அந்நிலை எய்தப்படாதபோதும், 1988 செப்டெம்பரில் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன அவசரகால ஒழுங்குவிதி ஒன்றினால் அந்நிபந்தனையைத் தளர்த்தி இரு மாகாணங்களையும் இணைத்தார். இணைப்புத் தொடர வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் கேட்கும் வாக்கெடுப்பு, அடுத்தடுத்து வந்த சனாதிபதிகளால் ஒத்திவைக்கப்பட்டுக்கொண்டே போனது.

2006 ஒக்டோபர் 16இல், பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்றம் அவ்விணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவசரகால ஒழுங்குவிதிகள் சாதாரண சட்டங்களை மாற்றலாம் என்பதை அரசியலமைப்பே ஏற்கிறது. எனினும் பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற குறித்த நோக்கங்களுக்கு அப்பால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்திச் சட்டவாக்கம் விதித்த நிபந்தனையை ஆட்சித்துறை அழிக்கவியலாது என்பதே தீர்ப்பின் சாரமாகும். கோட்பாட்டளவில் இது குறைகாண்பதற்கரிய வாதம். ஆயினும் ஆட்சித்துறை இணைத்ததை நீதித்துறை பிரித்ததேயன்றி, இணைப்பு வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பாராளுமன்றம் சட்டத்தினால் முடிவுசெய்யவில்லை. கிழக்கு மக்களின் வாக்கும் கேட்கப்படவில்லை.

தனித்த கிழக்கு மாகாணத்துக்கு 2008 மே 10இல் முதல் தேர்தல் நடைபெற்று, 37 உறுப்பினர் கொண்ட சபை அமைந்தது. மட்டக்களப்பைச் சேர்ந்த சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். மாகாண மட்டத்தில் வலுவேறாக்கம் மேலும் மங்கலானது: சபை ஆக்கும் நியதிச்சட்டத்துக்கு இசைவளிப்பவரும், மாகாணத்தின் ஆட்சி வலுவைத் தாங்குபவரும் சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரே. நீதி வலு மாகாணத்துக்குப் பகிரப்படவேயில்லை. மட்டக்களப்பிலுள்ள மேல் நீதிமன்றம் மாகாண விடயங்களில் எழுத்தாணைகள் பிறப்பிக்கலாமெனினும், அதன் நீதிபதிகளைப் பெயர்குறிப்பவர் பிரதம நீதியரசர்.

2017இல் மாகாண சபைத் தேர்தல்கள் அனைத்தையும் ஒரே நாளில் நடத்தும் அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மக்கள் தீர்ப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் கூறியது. உடனேயே பாராளுமன்றம் வேறொரு சட்டமூலத்தின் குழுநிலையில் தேர்தல் முறையையே மாற்றியதுடன், அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் நிராகரித்தது. இதனால் 2017 செப்டெம்பர் 30இல் பதவிக்காலம் முடிந்த கிழக்கு மாகாண சபைக்கு 2024ஆம் ஆண்டு முடியும்வரையிலும் தேர்தல் நடைபெறவில்லை. அதன் ஆட்சி ஆளுநரிடமே இருந்தது.