பற்றரி இல்லாத காலத்துக் கார்கள்

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று மட்டும் கேட்கும். எஞ்சின் சுத்தாது. லைற்றைப் போட்டால் மங்கலாக எரியும். பற்றரி இறங்கிவிட்டது என்று எங்களில் பலருக்கும் உடனே விளங்கும். பக்கத்து வீட்டுக் காரைக் கொண்டுவந்து வயர் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் பக்கத்து வீட்டுக் காரிலும் நல்ல பற்றரி இல்லை, கடையிலும் இல்லை, சார்ஜ் ஏத்த ஊரில கரண்டும் இல்லை என்றால் என்ன செய்வது? 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட யாழ்ப்பாணத்தின் கேள்வி அதுதான்.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் அகப்பட்டன. ரொர்ச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றரிகூடத் தடைதான். அப்படியிருந்தும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் மொரிஸ் மைனர்களும் வீதியில ஓடின. எப்படி?

முதலாவது காரணம் அந்தக் கார்களின் வயது. தொடக்ககாலக் கார்களை முன்பக்கம் கம்பியைச் செருகி, கையால் சுற்றித்தான் ஸ்ரார்ட் பண்ணினார்கள். கம்பி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் கனபேர். சார்ல்ஸ் கெற்றரிங் உருவாக்கிய மின் ஸ்ரார்ட்டர் 1912இல் கடிலக் கார்களில் வந்தபிறகுதான் அந்தப் பயம் குறைந்தது. ஆனால் மொரிஸ் மைனர் போன்ற கார்களில் பிறகும் கம்பி போடும் துளையை விட்டுவைத்திருந்தார்கள். அந்தத் துளைதான் யாழ்ப்பாணத்தில் கைகொடுத்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்ரார்ட்டர் மோட்டார் எஞ்சினைச் சுற்ற நூறு அம்பியருக்கு மேலே இழுக்கும். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் கொயிலுக்கு நாலைந்து அம்பியர் போதும். எனவே ஸ்ரார்ட்டரைச் சுற்றமுடியாத கிழட்டுப் பற்றரியும் பொறிக்கு உதவும். சுற்றுகிற வேலையை மனிதக் கை எடுத்துக்கொள்ளும், அல்லது நாலு பேர் பின்னால் நின்று தள்ளுவார்கள். மலைநாட்டில் என்றால் சரிவில் நிறுத்தி உருட்டிவிடலாம். யாழ்ப்பாணத்தில் சரிவுக்கு எங்க போறது? தள்ளத்தான் வேணும். எஞ்சின் ஓடத் தொடங்கினால் டைனமோ மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது பிரச்சினை எரிபொருள். பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெய் விட்டார்கள். அது குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, பற்றாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப்பொத்தி வைத்திருந்த பெற்றோலில் கொஞ்சம் கார்புரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பழைய எஞ்சின்களின் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. பின்னால் புகை, மணம், எஞ்சின் தேய்வு எல்லாம் கூடவே வந்தன.

இதே அறிவு வீட்டுக்குள்ளும் வேலை செய்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. பிபிசி தமிழோசையின் செய்தியைக் கேட்க வீட்டில ஒருத்தர் வேர்க்க வேர்க்கச் சுற்றவேண்டியிருந்தது.

இந்தக் கதைகளை இப்போது நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்கிறோம். சொல்லுகிறவர்களும் சிரித்துத்தான் சொல்லுகிறார்கள். ஆனால் நள்ளிரவில் பிரசவ வலி வந்த வீட்டில், கார் ஸ்ரார்ட் ஆகுமா இல்லையா என்று காத்திருந்த நிமிடங்களில் ஆரும் சிரித்திருக்க மாட்டார்கள். 'எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்' என்று பெருமைப்படுவதோடு நின்றுவிட்டால், அந்தக் கெட்டித்தனத்தை அவர்கள்மேல் சுமத்திய தடையை மறந்துவிடுவோம். இரண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

எழுதுவதற்குக் காலமும் அதிகமில்லை. இன்றைய கார்களில் கம்பி போடத் துளை இல்லை. ஓட்டோ கியர் காரைத் தள்ளியும் ஸ்ரார்ட் பண்ண ஏலாது. அந்தக் கைப்பழக்கம் பழைய கராஜ்களில் இருக்கும் சில வயதான மெக்கானிக்மாரிடம்தான் மிஞ்சியிருக்கிறது. உங்கட ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். போய்க் கேளுங்கோ, சொல்லுவதை ஃபோனில் பதிவு செய்யுங்கோ. முதல் கேள்வி சுகமானது: 'ஐயா, பற்றரி இல்லாமல் எப்படி ஸ்ரார்ட் பண்ணினீங்கள்?'