கொதிநீரில் கிடைத்த செல்வம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை, பட்டு நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். நீங்கள் அந்தப் பக்கத்து மாணவராக இருந்தால், பட்டு நூல் தறிக்கு வருமுன் அதற்கு நடக்கும் வெந்நீர்க் குளியலைப் பார்த்திருப்பீர்கள். சோப்பும் சோடாவும் கரைத்த கொதிநீரில் கச்சாப் பட்டு நூலை முக்கி எடுப்பார்கள். நூலின் மேல் படிந்திருக்கும் செரிசின் என்னும் பசை அதில் கரைந்துவிடும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இப்படிக் கழிந்து போகும். எஞ்சி நிற்பது ஃபைப்ராயின் என்னும் பளபளப்பான இழை. அதன் பிறகுதான் சாயம் ஏற்றுவார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பட்டு ஒரு புரதம். கோழிமுட்டையின் வெள்ளைக்கருவிலும் இருப்பது புரதந்தான். வெள்ளைக்கரு 65 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே இறுகத் தொடங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு குளிர வைத்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பட்டோ கொதிநீரில் மூழ்கி எழுந்த பின்னும் பட்டாகவே இருக்கிறது. இந்த வேறுபாடு எதனால்?

புரதம் என்பது நீண்ட சங்கிலி போன்ற ஒரு மூலக்கூறு. வெள்ளைக்கருவில் அந்தச் சங்கிலி தளர்வாக மடிந்து கிடக்கிறது. சூடு ஏறியதும் மடிப்பு குலைந்து, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. பட்டு இழையிலோ சங்கிலிகள் அடுக்கி வைத்த சேலைகளைப் போல நெருக்கமாகப் படிந்து பிணைந்திருக்கின்றன. கொதிநீரால் அந்தப் பிணைப்பை எளிதில் பிரிக்க முடியாது.

ஆனால் பட்டு உயிரற்ற இழை. உயிருள்ளவற்றின் கதை வேறு. உணவைச் செரிப்பது முதல் இனத்தைப் பெருக்குவது வரை, செல்லுக்குள் நடக்கும் வேலைகளை எல்லாம் நடத்தி வைப்பவை நொதிகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை புரதங்களே. வெள்ளைக்கருவைப் போலச் சூட்டில் குலைபவை. அதனால்தான் பாலைக் காய்ச்சுகிறோம். மருத்துவர் ஊசியைக் கொதிக்க வைத்த காலமும் இருந்தது. சூடு கிருமியைக் கொல்லும் என்பது நாம் சிறு வயதிலேயே கற்ற பாடம்.

அந்தப் பாடத்திற்கு ஒரு விலக்கு உண்டு என்பதையும், அந்த விலக்கு நம் ஒவ்வொருவரின் வாழ்வையும் எப்படித் தொட்டது என்பதையும் சொல்வதே இக்கட்டுரை.

வெந்நீரூற்றுகள்

நிலத்துக்கு அடியில் போகப் போகச் சூடு ஏறுகிறது. பொதுவாக ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடும். மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே மேலே வந்தால் அதுவே வெந்நீரூற்று. எரிமலைப் பகுதியானால் சூட்டுக்குக் கேட்கவே வேண்டாம்.

தமிழர் நன்கறிந்த வெந்நீரூற்று இலங்கையில் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா. அங்கே ஏழு சிறு கிணறுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் சூடு சற்று மாறுபடும். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கியவை என்று மக்கள் சொல்வார்கள். அந்த நீர் குளிப்பதற்கு ஏற்ற சூட்டில் இருக்கும்.

இமயமலைக்குப் போனால் நிலைமை மாறும். இமாசலப் பிரதேசத்தின் குலு மாவட்டத்தில், பார்வதி ஆற்றின் கரையில் மணிகரண் என்னும் ஊர் இருக்கிறது. அங்குள்ள ஊற்றுகளில் நீர் 90 டிகிரிக்கும் மேல் கொதித்துக்கொண்டிருக்கும். யாத்திரிகர்கள் அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இறக்குவார்கள். சிறிது நேரத்தில் சோறு வெந்துவிடும். குருத்துவாராவின் அன்னதானத்துக்கும் அந்த ஊற்றிலேயே சமைக்கிறார்கள்.

சோறு வேகும் நீரில் ஓர் உயிர் வாழ முடியுமா? அந்தக் கேள்விக்கு உறுதியான விடை கிடைத்த இடம், உலகின் மறுகோடியில் இருக்கும் வேறொரு வெந்நீர் நாடு.

ஒரு பயணியின் ஐயம்

அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்கா 1872-இல் அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான வெந்நீரூற்றுகள் அங்கே உண்டு. 1964-இல் தாமஸ் பிராக் என்னும் நுண்ணுயிரியல் பேராசிரியர் வேறொரு வேலையாகப் போகும் வழியில் அந்தப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க இறங்கினார். ஊற்றுகளிலிருந்து ஓடிய நீரின் வழியெங்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று பல நிறங்கள் பாய் விரித்தாற்போல் படிந்திருந்தன. அவை யாவும் நுண்ணுயிர்கள் என்று அறிந்து அவர் வியந்தார். எவ்வளவு சூடு வரை இவை வாழும்? இந்த ஓர் ஐயந்தான் அவரை மறுபடியும் மறுபடியும் அங்கே இழுத்தது.

ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் நுண்ணுயிர்கள் ஏறக்குறைய 73 டிகிரியோடு நின்றுவிடுவதை அவர் கண்டார். உயிரின் எல்லையே அதுதான் என்று பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் ஆக்டோபஸ் ஊற்று என்ற இடத்தில், 80 டிகிரிக்கும் மேற்பட்ட நீரில், இளஞ்சிவப்பு நிற இழைகள் அசைந்தாடுவதைப் பார்த்தார். அவையும் உயிருள்ளவையே!

வெப்பத்தை விரும்பும் பாக்டீரியாவை அதற்கு முன் எவரும் அறியாமலில்லை. டப்பாவில் அடைத்த உணவைக் கெடுக்கும் ஒருவகை பாக்டீரியா 1920-லேயே விவரிக்கப்பட்டிருந்தது. ஆனால் அத்தகைய உயிர்களைத் தேடியவர்கள் வளர்ப்புப் பெட்டியின் சூட்டைப் பெரும்பாலும் 55 டிகிரியில் வைத்தே தேடினார்கள். அதைவிட மிகுந்த சூட்டை விரும்பும் உயிர் அங்கே எப்படி வளரும்? அவர்கள் வைத்த சூடே அவர்கள் கண்ணை மறைத்துவிட்டது எனலாம்.

பிராக் பெட்டியை 70 டிகிரிக்கு ஏற்றினார். 1966-இல் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற இளநிலை மாணவரும் அவரோடு சேர்ந்துகொண்டார். ஆங்கிலத்தில் 'ஃப்ரீஸ்' என்றால் உறைதல் என்று பொருள். கொதிநீர் ஆராய்ச்சிக்கு வாய்த்தவர் பெயர் அப்படி! இளஞ்சிவப்பு இழைகள் ஆய்வகத்தில் வளர மறுத்தன. ஆனால் மஷ்ரூம் ஊற்று என்னும் இடத்திலிருந்து எடுத்த நீரில் மஞ்சள் நிறமுள்ள ஒரு பாக்டீரியா செழித்து வளர்ந்தது. அதற்கு மிகவும் உகந்த சூடு 70 டிகிரி. 1969-இல் இருவரும் அதற்கு 'தெர்மஸ் அக்வாட்டிகஸ்' என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்கள்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அதே பாக்டீரியா வெந்நீர்க் குழாய்களில் வரும் நீரிலும் இருப்பதைப் பின்னர் அவர்கள் கண்டார்கள். ஊற்றில் தேடியது ஊருக்குள்ளேயே இருந்தது!

அவர்கள் முதலில் தேடிய இளஞ்சிவப்பு இழைகளை ஆய்வகத்தில் வளர்க்க, 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வேகாமல் இருப்பது எப்படி?

தெர்மஸ் பாக்டீரியாவின் நொதிகளும் புரதங்களே. ஆனால் அவற்றின் சங்கிலிகள் இடைவெளியில்லாமல் இறுக மடிந்திருக்கின்றன. நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று கவர்ந்து, சட்டைக்குப் பொத்தான் போட்டாற்போல மடிப்பைப் பிடித்துக்கொள்கின்றன. செல்லைச் சுற்றியுள்ள சவ்விலும் ஒரு வேறுபாடு உண்டு. ஒரே அறையில் நல்லெண்ணெய் நீர்மமாகவும் நெய் உறைந்தும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலுள்ள கொழுப்பு அமிலங்களின் வேறுபாடே அதற்குக் காரணம். வெப்ப விரும்பிகளின் சவ்வில் எளிதில் இளகாத வகைக் கொழுப்புப் பொருள்களே மிகுதி. ஆகவே கொதிநீரிலும் சவ்வு கரைந்து ஒழுகுவதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. நமக்கு இதமான சூட்டில் இந்த நொதிகள் விறைத்துப்போய் மந்தமாகிவிடும். 70 டிகிரி அவற்றுக்குத் துன்பமில்லை. அதுதான் அவற்றின் வீடு.

யாரும் எதிர்பாராத பயன்

'இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று 1969-இல் ஒருவர் கேட்டிருந்தால், பிராக்கிடம் கைமேல் பலனாகக் காட்ட ஒன்றும் இருந்திராது. அவர் செய்தது ஒன்றுதான். தாம் வளர்த்த பாக்டீரியாவை அமெரிக்க நுண்ணுயிர்க் காப்பகத்தில் ஒப்படைத்தார். ஆராய்ச்சியாளர் எவரும் சிறு கட்டணம் செலுத்தி அதைப் பெறலாம்.

அப்படிப் பெற்றுப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் ஆலிஸ் சியென். 1976-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவரும் அவருடைய குழுவினரும் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதியை இந்தப் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்தனர். அது 80 டிகிரியில் மிக நன்றாக வேலை செய்தது. அப்போதும் அது ஆய்வேடுகளில் ஒரு செய்தியாகவே இருந்தது.

1983-இல் கலிபோர்னியாவில் சீட்டஸ் என்னும் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி முல்லிஸ் ஒரு புதிய வழியைச் சிந்தித்தார். டி.என்.ஏ. முறுக்கிய இரு புரி நூல் போன்றது. ஏறக்குறைய 95 டிகிரிக்குச் சூடேற்றினால் புரிகள் பிரியும். சூட்டைக் குறைத்து, ஒவ்வொரு புரிக்கும் எதிர்ப்புரியைப் பாலிமரேஸ் நொதியைக் கொண்டு கட்ட வைத்தால், ஒரு நூல் இரண்டு நூலாகும். மறுபடி சூடேற்றினால் இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இப்படி 30 சுற்று முடிந்தால் ஒன்று 107 கோடிக்கும் மேலாகப் பெருகியிருக்கும்! இதுவே பாலிமரேஸ் தொடர்வினை, சுருக்கமாகப் பி.சி.ஆர்.

வழி நல்லதுதான், ஒரு தடை இருந்தது. முதலில் பயன்படுத்திய நொதி நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவினுடையது. 95 டிகிரியில் அது வெள்ளைக்கருவைப் போல வெந்துவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் குழாயைத் திறந்து புது நொதி ஊற்ற வேண்டும். அப்போதுதான் கொதிநீர்ப் பாக்டீரியாவின் நொதி நினைவுக்கு வந்தது. அதை ஒருமுறை ஊற்றினால் போதும். எல்லாச் சுற்றுக்கும் அதுவே தாக்குப்பிடிக்கும். இந்த முறையை 1988-இல் வெளியிட்டார்கள். மறு ஆண்டே 'சயின்ஸ்' இதழ் அந்த நொதியை ஆண்டின் சிறந்த மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது. 1993-இல் முல்லிஸுக்கு வேதியியல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கவும், மரபு நோய்களை அறியவும், காசநோய்க் கிருமியை விரைவில் இனங்காணவும் பி.சி.ஆர். பயன்படுகிறது. 2020-இல் கொரோனாத் தொற்று பரவியபோது, மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த மாதிரியை எதைக் கொண்டு சோதித்தார்கள்? பி.சி.ஆர். முறையில்தான். உங்கள் வீட்டில் எவரேனும் அந்தச் சோதனை செய்துகொண்டிருந்தால், 1966-இல் ஊற்று நீரை மொண்டு எடுத்ததன் பயன் உங்கள் வீடு வரை வந்திருக்கிறது என்று பொருள்.

பயன் யாருக்கு?

1991-இல் பி.சி.ஆர். உரிமைகளை ரோஷ் என்னும் மருந்து நிறுவனம் 30 கோடி டாலருக்கு வாங்க உடன்பட்டது. ஊற்றைக் காத்து வந்த எல்லோஸ்டோன் பூங்காவுக்கு அதில் ஒரு காசுகூட இல்லை. பாக்டீரியாவை வளர்த்துத் தந்த பிராக்கும் அதனால் செல்வந்தராகவில்லை. ஓர் ஊற்றிலுள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதன் பிறகே உரக்க எழுந்தது. நம் நாட்டில் 2002-இல் உயிரியற் பல்வகைமைச் சட்டம் இயற்றப்பட்டது. நம் மண்ணின் உயிர்வளத்திலிருந்து பிறக்கும் பயனில் நமக்கும் பங்கு வேண்டும் என்பது அதன் நோக்கங்களுள் ஒன்று.

இனி மணிகரணுக்குத் திரும்புவோம். சோறு வேகும் அந்த ஊற்றில் உயிர் உண்டா? உண்டு. தெர்மஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு புதிய பாக்டீரியாவை அங்கிருந்து பிரித்தெடுத்து வளர்த்த இந்திய ஆராய்ச்சியாளர்கள், 2015-இல் அதற்குப் பார்வதி ஆற்றின் பெயரால் 'தெர்மஸ் பார்வதியென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். எத்தனையோ தலைமுறையாக யாத்திரிகர்கள் அரிசி வேகவைத்த நீரில், எவர் கண்ணிலும் படாமல் அது வாழ்ந்து வந்திருக்கிறது.

நம் நாட்டில் ஏறத்தாழ 340 வெந்நீரூற்றுகளைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் நிலத்தடி வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்க 2021-இல் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. மின்சாரம் வேண்டியதுதான். ஆனால் துளையிடும் முன்பும், ஊற்றைச் சுற்றிச் சிமென்டு பூசும் முன்பும், அதில் வாழ்வது என்ன என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. அழிந்த பின் அதன் பயனைக் கணக்கிட இயலாது.

1966-இல் எடுத்த நீரின் பயன் கைக்கு எட்ட 22 ஆண்டுகள் ஆயின. தொடக்கத்தில் இருந்தது ஒரு கேள்வி மட்டுமே. ஐயம்பேட்டையின் சாயத்தொட்டியைப் பார்த்து, 'பட்டு ஏன் வேகவில்லை?' என்று நீங்கள் கேட்டால், அதுவும் அதே வகைக் கேள்விதான். எவரேனும், 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டால் தயங்காதீர்கள். வேகாத நொதி ஒன்று கொதிநீரில் காத்திருந்த கதையை அவருக்குச் சொல்லுங்கள்.