அம்பாசடர் இருக்கையின் விளிம்பு

மஞ்சக்குப்பத்தில் குஷன் வேலை பழகியவன் நான். அன்று கடைக்கு வந்தவை அம்பாசடர், பத்மினி, சென்னை அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள். சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்கும், 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் ஆள் ஏற்றிய வாடகைக் கார்களே அதிகம்.

இருக்கைக்குள் ஸ்பிரிங், அதன்மேல் சாக்குத்துணி, தேங்காய் நார், மேலே ரெக்சின். முதலில் பெயர்வது ஓரம்தான். வெயிலில் பசை காயும். உப்புக்காற்றில் கிளிப்பும் ஆணியும் துருப்பிடிக்கும். பழைய பசைமேலும் துருமேலும் அப்படியே புதுப்பசை தடவினால் நிற்காது. பழைய பசையைச் சுரண்டி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இரு பக்கமும் பசை பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுக்க வேண்டும். ரெக்சினை வெயிலில் இளக்கி, நடுவிலிருந்து ஓரங்களுக்கு இழுத்தால் சுருக்கம் விழாது.

பிறகு ஃபோம் வந்து நாரின் இடத்தைப் பிடித்தது. 2014இல் அம்பாசடர் உற்பத்தியும் நின்றது. இன்று பழைய காரைப் புதுப்பிப்பவர்கள் முழு உறையையும் கிழித்தெறியச் சொல்கிறார்கள். நல்ல ரெக்சினைக் காப்பாற்றி ஓரத்தை மட்டும் சீராக்குங்கள். பழைய கைவேலை அதில்தான் இருக்கிறது. கிழித்தால் அது திரும்பாது.